எங்கள் ஊர் வரலாற்றை எங்கே தேடுவது?

கொல்லைமேடு

வணக்கம். செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவே சின்ன ஊர் எங்களுடையது. ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் கொல்லைகள், ஒரு பெருமாள் கோயில், ஊருக்குக் கிழக்கே காலனி. அவ்வளவுதான். பள்ளிக்கூட நூற்றாண்டு மலரில் ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு பல்லவ ராஜா கதையும், "வெள்ளைக்காரன் சண்டையில் ஊரே காலியாகி, அப்புறம் திரும்பி வந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வதும்தான். இணையத்தில் தேடினால் மக்கள்தொகையும் பின்கோடும் வருகின்றன. பயிர் வைத்ததைத் தவிர எதுவுமே நடக்காத ஊருக்கு வரலாறு எங்கே கிடைக்கும்?

திண்ணைப் பேச்சு

எதற்கு இவ்வளவு கஷ்டம்? நூற்றாண்டு மலர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "மூவேந்தர் காலந்தொட்டே சிறப்புற்று விளங்கும்" என்று தொடங்கி, நன்கொடையாளர் பட்டியலில் போய் முடியும். பக்கத்து ஊர் மலரை வாங்கி ஊர்ப்பெயரை மாற்றிப் போடுங்கள். ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சங்கிலி அளவு

தம்பி, திண்ணைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிர் மட்டுமே நடந்த ஊருக்குத்தான் காகிதம் அதிகம். சண்டை நடந்த ஊருக்கு நாலு வரி இருக்கும். வரி கட்டிய ஊருக்கு வருஷா வருஷம் கணக்கு இருக்கும்.

முதலில் உங்கள் ஊர் எந்த வகை என்று தெரிய வேண்டும். ரயத்துவாரி ஊரா, இனாம் ஊரா (கோயிலுக்கோ ஆளுக்கோ வரி விட்டுக் கொடுத்தது), இல்லை ஆரணி ஜாகீரில் (வரி வாங்கும் உரிமையை ஒருவருக்கு விட்ட பகுதி) இருந்த ஊரா? உங்கள் பக்கத்தில் மூன்றும் கலந்து கிடக்கும். ரயத்துவாரி என்றால் அரசாங்கமே நேராகக் குடியானவனிடம் வரி வாங்கியது. மன்றோ கவர்னராக இருந்த 1820களில் இந்த முறை மாகாணத்தின் பெரும் பகுதிக்கு வந்தது. 1858க்குப் பிறகு சர்வே செட்டில்மெண்ட் இலாகா, அதாவது நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்கும் இலாகா, ஊர் ஊராக வந்து அளந்தது. 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. அந்த அளவில்தான் உங்கள் ஊரின் ஒவ்வொரு துண்டுக்கும் எண் விழுந்தது. ஜமீன், ஜாகீர் ஊர் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் நடந்த செட்டில்மெண்டைத்தான் பார்க்க வேண்டும். சிறு இனாம் என்றால் 1963 சட்டம். அதற்கு முந்திய கணக்கு ஜமீன் கச்சேரியிலோ கோயில், மடத்திலோ தங்கியிருக்கும்.

தேட வேண்டியது பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. இப்போது வி.ஏ.ஓ. வைத்திருக்கும் 'அ' பதிவேடு (எந்த எண் நிலம் யாருடையது என்ற பட்டியல்) போதாது. அது 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் திருத்தி எழுதியது; ஏக்கர் எல்லாம் ஹெக்டேர் ஆகி, பெயர்கள் மாறி, உட்பிரிவு கூடியிருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபது எண்பது வருஷத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது அந்த இரண்டு புத்தகத்துக்கு நடுவில் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் மாவட்டம் 1989 வரை வட ஆற்காடு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருவண்ணாமலை என்று கேட்டால் கையை விரிப்பார்கள்.

கல்லும் எழுத்தும்

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது நூற்றைம்பது வருஷக் கதை. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் இருந்துகொண்டு கல்வெட்டைப் பார்க்காமல் ஊர் வரலாறு எழுதலாமா? உக்கல் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில், பெருவழி ஓரத்துக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவருக்கு இவ்வளவு நெல், பந்தலில் ஊற்றிக் கொடுப்பவருக்கு இவ்வளவு, பானை கொண்டு வருபவருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கூலிக் கணக்கு!

ஏரிகளும் அப்படித்தான். தூசி-மாமண்டூர் ஏரியை மகேந்திரவர்மன் காலத்ததாகச் சொல்வார்கள். அதனால் உங்கள் ஊர்ப் பல்லவ ராஜா கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஏரி மதகின் கல்தூணில் எழுத்து இருக்கிறதா என்று கோடையில் தண்ணீர் வற்றியதும் பாருங்கள். கோயில் சுவரைப் பார்ப்பவர்கள் மதகைப் பார்ப்பதில்லை. கல்வெட்டில் 'ஏரிப்பட்டி' என்று வந்தால், ஏரியைப் பராமரிப்பதற்காக விடப்பட்ட நிலம் என்று பொருள்.

உத்திரமேரூரும் கிட்டத்தில்தான். பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குழு குழுவாக ஊரை நடத்தியிருக்கிறார்கள். குடவோலைத் தேர்தல் வேறு. நம் கிராமங்கள் தங்களைத் தாங்களே ஆண்ட குடியரசுகள். வெள்ளைக்காரன் வந்துதான் அதைக் குலைத்தான். உங்கள் மலரில் இதை அழுத்தமாக எழுதுங்கள்.

காலனித் தெரு

அழுத்தமாக எழுதும் முன் கல்வெட்டை முழுதாகப் படித்துவிடலாம் நண்பரே. குடவோலையில் பெயர் எழுத என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், தன் மனையில் தன் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதமோ மந்திர பிராமணமோ தெரிந்திருக்க வேண்டும். பிரமதேயச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை அது. அந்த ஏரியில் மண் சுமந்தவர், அந்த வயலில் சேற்றில் இறங்கியவர் எந்தக் குடத்தில் ஓலை போட்டார்?

கிராமக் குடியரசு என்பதே 1830இல் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய குறிப்பு வழியாகப் பிரபலமான பேச்சு. வெள்ளைக்காரனைத் திட்டுவதற்கே வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறோம்.

கொல்லைமேடு அவர்களுக்கு ஒரு கேள்வி. "ஊர் காலியாகித் திரும்பி வந்தோம்" என்றீர்களே, அந்த 'வந்தோம்' யார்? ஊர்த்தெருவில் கேட்டீர்களா, காலனியில் கேட்டீர்களா?

கொல்லைமேடு

ஊர்த்தெருவில்தான் கேட்டேன். காலனியிலும் கேட்கிறேன்.

கல்லும் எழுத்தும்

தகுதி விஷயம் எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது ஊர் என்ற அமைப்பு இருந்தது என்பதை. சரி, கல்வெட்டை விடுங்கள். 1767 முதல் 1774 வரை கம்பெனிப் பொறியாளர் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களில் கணக்கு எடுத்தார். அதற்கு அடிப்படையாக இருந்த ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தரம்பால் முதலிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். களத்தில் நெல்லை அளக்கும் முன்னும் பின்னும் கணக்கன், தலையாரி, தச்சன், கொல்லன், வெட்டியான், குளம் பார்ப்பவன், கோயில், கூத்தாடி எல்லோருக்கும் பங்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். விளைச்சலில் கணிசமான பகுதி இப்படிப் பிரிந்து போயிருக்கிறது. யாரையும் விட்டுவிட்ட அமைப்பு இல்லை அது.

காலனித் தெரு

பங்கு கிடைத்தது, மறுக்கவில்லை. நிலத்தின்மேல் உரிமை யாருக்கு? பரம்பரை நில உரிமைக்காரரான மிராசுதாருக்கு. பண்ணையாளுக்குக் களத்தில் கிடைத்தது மேரை என்ற நெல் பங்கு, அதுவும் அவர் அந்தப் பண்ணையை விட்டுப் போகாமல் இருக்கும்வரை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'எல்லோருக்கும் பங்கு' என்றால் கணக்கு சரியாக வரும், வாழ்க்கை சரியாக வராது. 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்த பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தார், கூடவே மிராசுதார்களோடு மல்லுக்கட்டினார். அந்தத் தகராறு காகிதங்களைப் படித்தால் ஊர் ஒற்றுமை எவ்வளவு என்று தெரியும்.

சங்கிலி அளவு

சண்டை நடுவில் ஒரு தகவல். கொல்லைமேடு தம்பியின் ஊர் செங்கல்பட்டு ஜாகீர் எல்லைக்குள் வராது. 1763இல் நவாப் கம்பெனிக்குக் கொடுத்தது செங்கல்பட்டுப் பக்கம். வட ஆற்காடு 1801 வரை நவாப் கையில்தான். ஆகவே பர்னார்டில் உங்கள் ஊரைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள், பக்கத்து ஊர்களின் வழக்கம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் படியுங்கள்.

ஊர் காலியான கதைக்கு இரண்டு வாய்ப்பு. 1760 வந்தவாசிச் சண்டை ஒன்று. 1780இல் ஐதர் அலி படை வந்தது இன்னொன்று. பின்னதில்தான் ஊர் ஊராக எரிந்தது, மாடு போனது, ஜனம் சிதறியது. பெரியவர்கள் 'வெள்ளைக்காரன் சண்டை' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது சகஜம். காக்ஸ் எழுதி 1881இல் வந்த வட ஆற்காடு கையேட்டில் இந்தக் காலத்தைப் பற்றித் தாலுகா வாரியாகக் கொஞ்சம் கிடைக்கும்.

நவரை

நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராஜா, கலெக்டர், பதிவேடு எல்லாம் வந்தாச்சு. தண்ணீர் எப்போது வரும்? நான் இன்னும் பயிர் வைக்கிறவள், அதனால் கேட்கிறேன்.

ஏரிப்பாசன ஊரில் வரலாறு என்பது மதகு திறக்கிற வரிசைதான். எங்கள் ஏரியில் பழைய மதகு இருக்கிறது. இரண்டு கல்தூண், நடுவில் குறுக்கே கற்பலகைகள், பலகையில் துளை. அந்தத் துளை வழியாக ஒரு நீள மரக்கழி இறங்கி அடியில் இருக்கும் குழியை அடைத்துக்கொள்ளும். கழியை எவ்வளவு தூக்குவது என்பது நீர்க்கட்டி, அதாவது தண்ணீர் பாய்ச்சும் ஆளின் கையில். ஏரி முழுதும் நிரம்பிய வருஷத்தில் யாருக்கும் அவரைக் கண்டால் பேச்சில்லை. முக்கால் ஏரி என்றால் ராத்திரி வீட்டுக்கு ஆள் வரும். கடைமடையில் எது பாயும், எது காயும் என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். முடிவைச் செய்து காட்டுவது அவர். கூலி நெல்லாகக் களத்தில். எங்கள் ஊரில் காலனிக் குடும்பம் ஒன்றுதான் தலைமுறை தலைமுறையாக அந்த வேலை பார்த்தது. தண்ணீரை மற்றவர் நிலத்துக்கெல்லாம் பாய்ச்சிய வீட்டுக்கு ஆயக்கட்டில் (ஏரி பாயும் நிலத்தில்) ஒரு சென்ட் கிடையாது.

கொல்லைமேடு அண்ணே, உங்கள் ஊரில் அந்தக் குடும்பம் எது என்று கேளுங்கள். எந்த வயல் எந்த மடை, எந்த வருஷம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது, எந்த வருஷம் கரை உடைந்தது என்று பதிவேட்டில் இல்லாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் நடவுப் பெண்களிடம் கேளுங்கள். கூலி எப்போது படியிலிருந்து ரூபாய்க்கு மாறியது என்று ஆம்பளைகள் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். பெண்கள் "என் ரெண்டாவது பிரசவத்துக்கு முந்தின சம்பாவில்" என்று சொல்வார்கள். பிள்ளையின் பிறந்த சான்றிதழை எடுத்துப் பாருங்கள், வருஷம் கிடைத்துவிடும்.

திண்ணைப் பேச்சு

இது நன்றாக இருக்கிறது. கேலி பண்ண வந்தவன் குறிப்பு எடுக்கிறேன். ஏரி எப்போது செத்தது? எங்கள் பக்கம் எல்லாம் போர்வெல்தான்.

நவரை

ஏரி சாகவில்லை, மவுசு போனது. முதலில் மாடு கட்டி இறைக்கும் கவலை ஏற்றம் இருந்த கிணறுகளுக்கு ஆயில் இன்ஜின் வந்தது. பிறகு கரண்டு மோட்டார். 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. கிணறு வைத்திருந்தவருக்கு மதகைத் திறக்கும் நாள் பற்றிக் கவலை இல்லை, ஏரிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். வரத்துக் காலைத் தூர் வார ஆள் சேரவில்லை. கிணறு இல்லாதவருக்குத்தான் ஏரி வேண்டும், அவர் சொன்னால் யார் கேட்பது?

சங்கிலி அளவு

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. குடிமராமத்து, அதாவது ஊரே சேர்ந்து ஏரியைப் பழுது பார்ப்பது, ஊர் வழக்கமாக இருந்தது. 1858இல் அதைச் செய்யாதவர் மீது தண்டனை விதிக்கச் சட்டம் போட்டார்கள். அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. பிறகு 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. தமிழ்நாட்டில் ஏரி கண்மாய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 39,000. உங்கள் ஏரி யார் கணக்கில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஏரி என்றால் அதற்கென்றே பழைய விவரக் குறிப்பு, கரை நீளம், கலங்கல் மட்டம், மதகு எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள்.

கொல்லையில் மல்லாட்டை எப்போது வந்தது என்பதையும் பதிவேட்டில் தேடாதீர்கள், வருஷா வருஷம் பயிர் எழுதும் அடங்கலில் தேடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்காட்டுப் பக்கம் பரவிய பயிர் அது. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரன் மார்செய்க்கு எண்ணெய் ஆட்டக் கொண்டு போனான். கம்பும் வரகும் போட்டுச் சாப்பிட்ட மேட்டு நிலம் காசு பார்த்தது அதற்கப்புறம்தான்.

காலனித் தெரு

நவரை அக்கா சொன்ன 'ஒரு சென்ட் கிடையாது' என்பதில் ஒரு விதிவிலக்கைத் தேட வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. தரிசு நிலத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது, பிறகும் வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். பழைய பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், தாழ்த்தப்பட்ட வகுப்பு) அல்லது 'கண்டிஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், யூ.டி.ஆர். பதிவேட்டில் அதே எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் இந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மலரில் போடுவீர்களா என்பது வேறு விஷயம்.

அடுத்தது, நிலப் பதிவேட்டில் எங்கள் பாட்டன்மார் பெயர் இருக்காது, கப்பல் பதிவேட்டில் இருக்கும். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலியாகப் போனார்கள், பாதிக்கு மேற்பட்டோர் சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை தென்னாப்பிரிக்காவில் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். வட ஆற்காடு ஆட்கள் ஏராளம். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள்.

தேதியையும் கவனியுங்கள். 1876-78 பஞ்சம், நம் ஆட்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். சேலம் மாவட்டத்தில் 1871இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1881இல் 16 லட்சமாக இறங்கியது. செத்தவர் போக, ஊரை விட்டுப் போனவரும் உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்களும் இதற்குப் பின்னால் வருகின்றன.

கல்லும் எழுத்தும்

கப்பல் பட்டியல் எனக்குப் புதிது. இதை வைத்து உக்கல் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தேடிப் பார்க்கப் போகிறேன். ஆனாலும் கல்வெட்டில் கூலியாளுக்கு நெல் எழுதியிருப்பதை நீங்களும் மறந்துவிட வேண்டாம்.

கொல்லைமேடு

மன்னிக்கவும், கொஞ்ச நாள் வர முடியவில்லை. வேலை நடந்தது.

பழைய கர்ணம் வீட்டில் கேட்டேன். 1980 நவம்பரில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது கணக்குகளை ஒப்படைத்துவிட்டோம் என்றார்கள். பரணில் ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது. அதில் செல்லரித்த அடங்கல் சில, ஒரு செட்டில்மெண்ட் நகலின் நடுப் பக்கங்கள். ஒரு பக்கத்தைப் படமெடுத்தேன். சர்வே எண், நஞ்சை, பாசனம் 'பெரிய ஏரி', ஒரு போகம், மண் தரம், தீர்வை, பட்டாதார் பெயர். அந்தப் பெயர்களில் பாதி இன்று ஊரில் இல்லாத குடும்பங்கள். பெருமாள் கோயில் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். குறிப்புப் பத்தி கரையானுக்குப் போய்விட்டது. டி.சி. கேள்விக்கு அதில் விடை இல்லை, காப்பகத்தில் நகல் கேட்டு எழுதியிருக்கிறேன்.

காலனியில் கேட்டேன். அவர்கள் சொல்லும் ஊர்க்கதையில் யாரும் காலி செய்து போகவில்லை. "அவங்க போனாங்க, நாங்க ஏரிக்கரையில இருந்தோம், அவங்க திரும்பி வந்தப்போ ஏரில தண்ணி இருந்ததுன்னா யார் பாத்துக்கிட்டதுனு நெனைக்கிறே" என்று ஒரு பாட்டி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீர்க்கட்டி குடும்பமும் கிடைத்தது, அந்தப் பாட்டியின் தம்பி வீடு.

மலர்க் குழுவில் இதைச் சொன்னேன். "சாதி, நிலம், தகராறு எதுவும் வேண்டாம், ஏரி வெட்டிய ராஜாவோடு நிறுத்து" என்கிறார்கள்.

திண்ணைப் பேச்சு

நான் முதல் நாளே சொன்னேனே. ராஜா பற்றி எழுதினால் யாருக்கும் கோபம் வராது, அவருக்குப் பேரன் கிடையாது.

காலனித் தெரு

பாட்டி சொன்னதை மட்டுமாவது அப்படியே போடுங்கள். பெயர் வேண்டாம், வார்த்தை மாற வேண்டாம்.

நவரை

சண்டை போடாமல் ஒரு வழி சொல்கிறேன். 'எங்கள் ஏரி' என்று தலைப்பு வையுங்கள். ராஜாவும் வருவார், நீர்க்கட்டியும் வருவார், போர்வெல்லும் வரும். ஏரியைப் பற்றி எழுதாதே என்று குழுவில் யாரும் சொல்ல முடியாது. நிலக் கணக்கை எல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அது மலரைவிட முக்கியம்.

சங்கிலி அளவு

நவரை அம்மா சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. வேறொரு உதவியும் இருக்கிறது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் வட ஆற்காட்டில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து நெல் சாகுபடி பற்றி ஆய்வு செய்தார்கள். அந்த ஊர்களுக்கே 80களிலும் 90களிலும் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பி எழுத வைத்த கிராமங்களில் உங்களுக்குப் பக்கத்துத் தூசியும் ஒன்று. உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் கூலி, குத்தகை, கிணறு எப்படி மாறியது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கொல்லைமேடு

'எங்கள் ஏரி' தலைப்புக்குக் குழு சம்மதித்துவிட்டது. பாட்டியின் பேச்சும் போகிறது, யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஐயா, அடங்கலில் ஆண்டு 1342 என்று போட்டிருக்கிறதே, இது எந்தக் கணக்கு?

சங்கிலி அளவு

பசலி, ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. 590 கூட்டுங்கள், 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. பக்கத்தின் அடியில் ஜமாபந்தி (வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை) அதிகாரி கையெழுத்தும் தேதியும் இருக்கும், ஒத்து வருகிறதா பாருங்கள். அந்த அடங்கலைப் பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், வியர்த்துப் போகும். துணியிலேயே இருக்கட்டும்.